பொறுமையோடு காத்திருந்த ஒருவரைச் சந்தித்ததுண்டா? மனதை விட்டுப் போகாத அனுபவத்தைப் பகிருங்கள்

ஈசூன் மகள்:
அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கூட உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் ஒரு அங்கிள். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாதில்லையா, இன்னொரு கையால் ஒரு சின்ன நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அந்த அறைக்கு வருகிறவர்களின் பெயர்கள், ஜெபிப்பதற்காக. சீனர், மலாய்க்காரர், தாதிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். எங்கள் அம்மா பெயரும் இருந்தது. எதிரில் உட்காரும் பாட்டி அப்போதுதான் இறந்திருந்தார். அவர் பெயரை அடிக்காமல், அதற்குக் கீழே அவருடைய மகன் பெயரை எழுதியிருந்தார்.

"உங்க சுகத்துக்காக ஜெபிக்கிறதில்லையா அங்கிள்?" என்று கேட்டேன். "தினமும் கேக்குறேன்மா. அவர் பதில் சொல்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியுமா?" என்றார். உடனே, "அம்மாவுக்கு இன்னிக்கு எவ்வளவு தண்ணி எடுத்தாங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டார். பதிலே வராத இடத்தில் ஒரு மனிதர் எப்படி இவ்வளவு உறுதியாக நிற்கிறார்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தூவாஸ் தம்பி:
2020 ஏப்ரலில், கொரோனா சமயத்தில், இங்கே சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளைப் பூட்டியது எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் அறையில் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்து பிரதர் ஒருவர் இருந்தார். தினமும் ராத்திரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிப்பார். நான் இந்து, சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சமயத்தில் ஊரில் அவர் அப்பா தவறிவிட்டார். விமானமே கிடையாது. அடக்கத்தை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. போனைத் தூக்கிப் பிடிக்கிறார், ஜன்னல் பக்கம் ஓடுகிறார், அசையவே இல்லை.

அன்று ராத்திரியும் பைபிளைத் திறந்தார். முறைப்படி வந்தது 13ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பித்தவருக்குக் குரல் போய்விட்டது. நான் வாங்கி மிச்சத்தை வாசித்தேன். ஆறே வசனம்தான். அப்புறம், "இன்னிக்காவது விட்டிருக்கலாமே அண்ணே" என்றேன். "இன்னிக்கு விட்டா நாளைக்குத் தொறக்க மாட்டேன்டா" என்றார்.

தோ பாயோ அண்ணன்:
ஈசூன் தங்கச்சி, எங்கள் அம்மாவும் அந்த ரகம்தான். கோயிலை விட்டு விலகிப்போன என் தம்பிக்காக, தாம்சன் ரோட்டுத் தேவாலயத்தில் சனிக்கிழமை நடக்கும் நவநாள் செபத்துக்கு விடாமல் போவார். மனு எழுதிப் போடுவார். ஒரு சனிக்கிழமை பார்த்தால் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். தம்பி திரும்பி வரவே இல்லையே என்றேன். "வருவான்" என்று எழுதுவதைத் தொடர்ந்தார்.

சோர்வு வராமல் இருக்க சிலது சொல்கிறேன். செபத்துக்கு ஒரு நேரம் வையுங்கள், மனசு இருக்கும்போது என்று விட்டால் நடக்காது. தனியாகச் சுமக்காதீர்கள், ஒருவரையாவது கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். புனித மோனிக்காவை நினையுங்கள். மகன் அகுஸ்தினுக்காக ஏறக்குறைய 17 வருடம் அழுது செபித்தவர். "இவ்வளவு கண்ணீரின் பிள்ளை அழிந்துபோக முடியாது" என்று ஓர் ஆயர் அவருக்குச் சொன்னார். 387இல் மிலானில் அகுஸ்தின் ஞானஸ்நானம் பெற்றார், அதே வருடம் அம்மா ஓஸ்தியாவில் இறந்தார். முன்கோபியான கணவரையும் அவர் பொறுத்துப் பொறுத்தே ஆண்டவரிடம் கொண்டுவந்தார். குடும்பத்தில் என்ன வந்தாலும் பொறுத்துப் போனால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

செங்காங் சகோதரி:
அண்ணா, கடைசி வரியைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு சகோதரி, இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஒருநாள் துதிக்கும்போது கையை உயர்த்தினார், சட்டைக்கை நழுவியது. முழங்கை வரைக்கும் கன்றிப்போயிருந்தது. கூட்டத்தை நடத்தியவர் பார்த்துவிட்டு, "பொறுமையா இரும்மா, ஜெபத்துல தாங்குவோம்" என்றார்.

இது வேதம் சொல்லும் பொறுமையே இல்லை. "பொறுமை உங்களுக்கு வேண்டியதாயிருக்கிறது" என்ற எபிரெயர் 10ஆம் அதிகாரம், விசுவாசத்துக்காக ஆஸ்தியைப் பறிகொடுத்தவர்களுக்கு எழுதியது. புருஷனிடம் அடிவாங்குகிறவளை வாயை மூடச் சொல்ல எழுதியதில்லை. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். அநியாயத் தீர்ப்பு வரும் என்று தெரிந்ததும் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசரிடமே முறையிட்டார். அவருக்குப் பொறுமை இல்லையா? லூக்கா 18இல் வரும் விதவை நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்தாள், அதைத்தான் இயேசு சோர்ந்துபோகாத ஜெபத்துக்கு உதாரணமாகச் சொன்னார். யோபின் பொறுமை என்கிறோமே, அந்த யோபு 3ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவருக்குப் புத்தி சொன்ன நண்பர்கள் மேல்தான். உங்கள் மோனிக்காவும் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லையே! ஏமாற்றிவிட்டுப் போன மகனைத் தேடிக் கப்பலேறி இத்தாலிக்கே போனார்.

அந்த நிலைமையில் யாராவது இதைப் படித்தால், சிங்கப்பூரில் குடும்ப வன்முறைக்கான உதவி எண்: 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பார்கள். குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். கேட்டுவிட்டும் ஜெபிக்கலாம்.

தோ பாயோ அண்ணன்:
அடியைத் தாங்கச் சொல்லவில்லை சகோதரி. ஆனால் ஒன்று, தப்பித்து வெளியே வந்த பிறகும் காத்திருப்பு முடிவதில்லை, அதற்கும் பெலன் வேண்டும். அந்த எண்ணை எங்கள் கோயில் பங்குக் குழுவில் போடுகிறேன்.

ஈசூன் மகள்:
தூவாஸ் தம்பி, அந்த பிரதர் அப்புறம் ஊருக்குப் போனாரா?

தூவாஸ் தம்பி:
போனார் அக்கா, 2022இல். கல்லறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், எங்களுக்கெல்லாம் மஸ்கோத் அல்வா கொண்டுவந்தார். இப்போது வேறு விடுதிக்கு மாறிவிட்டார். அங்கேயும் ராத்திரி வாசிப்பு உண்டு, நீதிமொழிகள் போகிறதாம்.