அலுவலக அறைக்குள் பசுமை: எந்தச் செடி தாங்கும்?

கேள்வி:
மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த யன்னலுள்ள மாடியறையொன்றில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலுக்கு அஞ்சி யன்னலைத் தடித்த திரையால் மூடிவிட்டு, குளிரூட்டியையும் குழல்விளக்கையும் நம்பியிருக்கிறோம். வாங்கி வைத்த இரண்டு செடிகளும் ஒரே மாதத்தில் இலை நுனி கருகிவிட்டன. வேறு எதை வைக்கலாம்?

பதில் 1:
பாம்புச்செடி வகையான மருளை வையுங்கள், நமது பற்றைகளில் தானாக முளைப்பது, இரண்டு கிழமை தண்ணீர் இல்லாவிட்டாலும் வாடாது. குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தில் எதையும் வைக்காதீர்கள். உங்கள் செடிகள் கருகியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சாடியின் அடித்தட்டைக் கிழமைக்கொரு தடவை தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் டெங்கு நுளம்பின் முட்டைகள் ஓரத்தில் ஒட்டி, காய்ந்த பின்னும் உயிரோடிருக்கும்.

பதில் 2:
செடி காற்றைச் சுத்திகரிக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். அந்த எண்ணத்தைப் பரப்பிய 1989ஆம் ஆண்டின் நாசா ஆய்வு அடைத்த சிறு கூண்டுகளில் நடந்தது, அலுவலகத்தில் அன்று. மாறாக, யன்னல் வழியே மரங்களைக் கண்ட அறுவைச் சிகிச்சை நோயாளர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவாக வீடு திரும்பியதை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் காட்டினார். வாவியையே மறைத்துவிட்டுச் செடி தேடுகிறீர்களே! திரையைக் கழற்றி, வெளிப்புறத்தில் பன்பாயைச் சாய்வாகக் கட்டினால் வெயில் கண்ணாடியில் படாது, தண்ணீரும் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
பன்பாய் யோசனை எங்களுக்குத் தோன்றவேயில்லை. மேசைகளையும் யன்னல் பக்கம் திருப்பப் போகிறோம்.