காற்றாலைப் பலகைக்கு நிரல் தொகுக்க பில்ட்ரூட்டா, டெபியனா?

பாளைவாசி:
இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் தரவு சேகரிக்கும் எங்கள் 32 பிட் ஆர்ம் செயலிப் பலகைகளில் டெபியன் 11 என்ற லினக்ஸ் ஓடுகிறது. பாளையங்கோட்டையில் உள்ள உபுண்டு 22.04 கணினியில் கிராஸ் கம்பைல் செய்த (அதாவது, பலகைக்காக வேறு கணினியில் தொகுத்த) நிரல், ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று பலகையில் நின்றுவிடுகிறது. நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி, உபுண்டுவில் இருப்பது 2.35, பலகையில் இருப்பது 2.31. நிரலைத் தொடங்கிவைக்கும் பகுதியே 2.34-இல் மாறியதால், ஒரு வரி அச்சிடும் நிரல்கூட அங்கே ஓடாது. டூல்செயினையும் (கம்பைலர் முதலிய தொகுப்புக் கருவிகள்) நூலகங்களையும் மூலத்திலிருந்தே தொகுக்கும் பில்ட்ரூட்டுக்கு முழுமையாக மாறுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

வள்ளியூரான்:
காரணத்தைச் சரியாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி; தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. பில்ட்ரூட் தருவது முழு இமேஜ், அதாவது பலகையின் மொத்த சிஸ்டமும் அடங்கிய கோப்பு. அதை ஏற்ற ஒவ்வொரு காற்றாலைக்கும் ஆள் போக வேண்டும். ஆடிக் காற்றில் உற்பத்தி உச்சத்தில் இருக்கையில் தரவு நின்றால் எந்த உரிமையாளர் பொறுப்பார்? கணினிக்குள் தனி டெபியன் 11 சூழலாக ஓடும் டாக்கர் கண்டெய்னரில், ஆர்ம்எச்எஃப் என்ற 32 பிட் ஆர்ம் கட்டமைப்பைச் சேர்த்து, அதற்குரிய நூலகங்களை டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியே நிறுவினால், ஜிலிப்சி தானாகவே பலகையோடு ஒத்துப்போகும்.

பணகுடிக்காரன்:
பலகையிலேயே தொகுத்துவிடலாமே?

வள்ளியூரான்:
512 எம்பி நினைவகத்தில் பெரிய சி++ கோப்புகளைத் தொகுப்பது நடக்காத காரியம்.

பாளைவாசி:
கண்டெய்னரிலும், நூலகங்கள் எங்கே உள்ளன என்று கம்பைலருக்குச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி ஏமாற்றும். ஆர்முக்கான நூலகத்தை நிறுவ மறந்தால், அது கணினியின் நூலகத்தைக் காட்டும். ஹெட்டர்கள் (நூலகத்தின் அறிவிப்புக் கோப்புகள்) பெரும்பாலும் ஒன்றே என்பதால் கம்பைல் தடையின்றி முடிந்து, நூலகத்தோடு இணைத்து லிங்க் செய்யும்போதுதான் பிழை தெரியவரும்.

வள்ளியூரான்:
பிகேஜி-கான்ஃபிக்கின் ‘பாத்’ சூழல் மாறியை வைத்தால் அப்படித்தான் ஆகும், ஏனெனில் அது இருக்கும் தேடல் பட்டியலோடு ஓர் இடத்தைச் சேர்க்க மட்டுமே செய்கிறது. அதன் ‘லிப்டிர்’ மாறி அந்தப் பட்டியலையே மாற்றிவிடும். நூலகம் இல்லையென்றால், கம்பைலுக்கு முந்தைய சரிபார்ப்பு நிலையிலேயே பிழை வரும். இன்னொன்றும் உண்டு: தரவைப் பொதிந்து அனுப்ப உதவும் புரோட்டோபஃப்பைப் பயன்படுத்தினால், கணினியில் ஓடும் அதன் கம்பைலரான புரோட்டோசியும் அதன் ஆர்ம் நூலகமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே டெபியனிலிருந்து வருவதால் அந்தத் தொல்லையும் இல்லை.

பாளைவாசி:
டெபியன் 11-இன் நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்டில் முடிகிறது. பிறகு மென்பொருள் தொகுப்புகள் ஆவணக் களஞ்சியத்துக்குப் போய்விட்டால், அதே கண்டெய்னரை மறுபடி எப்படிக் கட்டுவீர்கள்? பில்ட்ரூட்டில் ‘மேக் சோர்ஸ்’ கொடுத்தால் எல்லா மூலங்களும் நம் வட்டில் இறங்கும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் வைத்துச் சரிபார்க்கவும் முடியும்.

வள்ளியூரான்:
நிறுவிய டெப் கோப்புகளை (டெபியன் மென்பொருள் பொதிகள்) நாமும் சேமிக்கலாம். பழைய பதிப்புகளைத் தேதிவாரியாக வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட் களஞ்சியத்தை டெபியனே நடத்துகிறது.

பாளைவாசி:
களத்தில் உள்ள பலகைகளுக்கு உங்கள் வழியை ஏற்கிறேன். புதிய பலகைகளுக்கு பில்ட்ரூட்டை விட்டுத்தர மாட்டேன். அவற்றில் சேமிப்பகத்தில் இரண்டு சிஸ்டம் பகிர்வுகளை (தனிப் பகுதிகள்) வைத்து இமேஜை இணையம் வழியே மாற்றலாம் என்பதால், ஆள் அனுப்பும் சிக்கல் அங்கே எழாது.