லேசிக், ஆர்.கே. என்று பவர் அறுவை செய்த கண்ணுக்கு லென்ஸ்: போடுகிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லேசரால் பவரைச் சரிசெய்யும் லேசிக் செய்து பல வருஷம் கண்ணாடியே இல்லாமல் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் வலது கண்ணில் எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரிய ஆரம்பித்தது, இரவில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் சிதறி ஓட்டவே பயம். கருவிழியின் வளைவைப் படமெடுக்கும் டோபோகிராஃபி எடுத்ததில் எக்டேசியா, அதாவது மெலிந்த கருவிழி முன்னால் புடைக்கிறது என்றார்கள். அது மேலும் போகாமலிருக்க கருவிழியை உறுதியாக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை செய்தாயிற்று, ஆனால் பார்வைக்கு லென்ஸ்தான் வழி.

நம் கண்ணுக்கு வழக்கமான லென்ஸ் அளவு பொருந்தாது. இயற்கையான கருவிழி நடுவில் வளைவாகவும் ஓரத்தில் தட்டையாகவும் இருக்கும். மைனஸ் பவருக்கு லேசிக் செய்தால் நடுப்பகுதி தட்டையாகிவிடும், அதன் மேல் எக்டேசியாவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனக்கு சாஃப்ட் லென்ஸ் அந்த மேடுபள்ளத்தோடேயே படிந்ததால் இரட்டைக் காட்சி அப்படியே இருந்தது. ஆர்.ஜி.பி. என்கிற சின்ன கடின லென்ஸ் இமைக்க இமைக்கக் கீழே சரிந்தது.

கடைசியில் கைகொடுத்தது ஸ்க்லீரல் லென்ஸ். கருவிழியைத் தொடாமல் வெண்விழியில் உட்காரும், இடையில் இருக்கும் நீர் மேடுபள்ளத்தை நிரவிவிடும். பிரிசர்வேட்டிவ் இல்லாத சலைனை லென்ஸில் தளும்ப ஊற்றி, முகத்தைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து, கீழிருந்து நேராகத் தூக்கிப் பொருத்த வேண்டும். துளி சிந்தினாலும் குமிழி மாட்டிக்கொள்ளும், கழற்றி மறுபடி முதலிலிருந்துதான். ஒரே ஒரு விஷயம்: ட்ரயல் லென்ஸ் போட்டவுடனே ஆர்டர் கொடுக்காதீர்கள். சில மணி நேரத்தில் அது வெண்விழியில் அமிழ்ந்து நீரடுக்கு 100 மைக்ரான் வரைகூடக் குறையலாம், அதற்குப் பிறகும் ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கழற்றியதும் வெண்விழியில் வளையமாகத் தடம் பதிந்து சிவந்திருந்தால் ஓரம் இறுக்குகிறது, மாற்றித்தரச் சொல்லுங்கள்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் லேசிக் பரவுவதற்கு முன்னால் ஆர்.கே. செய்துகொண்டவன், கருவிழியில் ஆரம் ஆரமாகக் கீறுவார்களே, அது. என் பிரச்சினை வேறு. காலையில் பவர் ப்ளஸ் பக்கம் இருக்கும், சாயங்காலத்துக்குள் மைனஸ் பக்கம் நகர்ந்துவிடும். வருஷம் போகப் போகவும் ப்ளஸ் ஏறும். ஆர்.கே. செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் பெர்க் ஆய்வில் 10 வருஷம் கழித்து 43 சதவீதக் கண்களில் 1 டயாப்டரோ (பவரின் அலகு) அதற்கு மேலோ ஏறியிருந்தது. அதனால் காலையிலும் மாலையிலும் பவர் பார்த்துத்தான் லென்ஸ் முடிவு செய்தார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள். இன்னொன்று, ஆக்சிஜன் போதாமல் போனால் கீறல் வழியாக ரத்தக்குழாய் வளரும், ஆகவே ஆக்சிஜன் நன்றாகக் கடத்தும் லென்ஸ்தான் வேண்டும். தூங்கும்போது போடவே கூடாது.