யூ.வி. விளக்கு போட்டும் மீனுக்கு வெண்புள்ளி நோய் திரும்பி வருகிறது, என்ன செய்யலாம்?

நீலவால் (கோயம்புத்தூர்)

நண்பர்களுக்கு வணக்கம். ஒன்பது மாதமாக 400 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பவளம் கிடையாது, மீன்கள் மட்டும்தான். ஒரு நீல டேங் (tang) மீன், இரண்டு கோமாளி மீன்கள். உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. போன மாதம் இன்னொரு டேங் வாங்கி நேரே தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் பழைய டேங்கின் துடுப்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பாறையில் உடம்பை உரசிக்கொண்டே இருந்தது.

கடைக்காரர் சொன்னபடி 18 வாட் யூ.வி. ஸ்டெரிலைசர் (புற ஊதாக் கதிரால் நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும் விளக்கு) வாங்கி சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) பொருத்தினேன். மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் பம்ப். நான்காம் நாள் பார்த்தால் புள்ளி ஒன்றுகூட இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பன்னிரண்டாம் நாள் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. புதிய டேங் நேற்று இறந்துபோனது. பழைய டேங் என் மகளின் பிறந்தநாளுக்கு வாங்கியது. பள்ளி விட்டு வந்ததும் அவள் முதலில் போய் நிற்பது அதன் முன்னால்தான். எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

36 வாட் விளக்காக மாற்றினால் சரியாகுமா? அல்லது பம்பைப் பெரிதாக்கினால் தண்ணீர் வேகமாகச் சுத்தமாகுமா?

உவர்நீர் (மரக்காணம்)

தம்பி, இரண்டுமே வேண்டாம். நான் இங்கே இறால் குஞ்சு பொரிப்பகத்தில் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வீட்டிலும் உப்புநீர்த் தொட்டி உண்டு. யூ.வி. விளக்கோடு தினமும் பழகுகிறவன் என்பதால் சொல்கிறேன்: உங்கள் விளக்கில் பழுது இல்லை. ஆனால் நான்காம் நாள் புள்ளிகள் மறைந்ததற்கு அந்த விளக்கு காரணமில்லை. பொருத்தாமல் இருந்திருந்தாலும் மறைந்திருக்கும்.

இந்த நோயைத் தருவது கிரிப்டோகேரியான் இரிடான்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. மீனின் தோலுக்குள் மூன்று முதல் ஏழு நாட்கள் தின்று வளரும். அதைத்தான் புள்ளியாகப் பார்க்கிறீர்கள். வயிறு நிறைந்ததும் தானே உதிர்ந்துவிடும். மீன் குணமானதுபோல் தெரியும். உதிர்ந்தது மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டி, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பிளவுபடும். சில கூடுகள் சில நாட்களில் திறக்கும், சில பல வாரம் கழித்துத் திறக்கும். வெளியே நீந்தி வரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றியாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். விளக்குக்குச் சிக்குவது இந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே. அதிலும் குழாய்க்குள் இழுக்கப்படுபவை மட்டுமே.

எங்கள் பொரிப்பகத்தில் கடல்நீர் முதலில் மணல் வடிகட்டியில் இறங்கி, பிறகு யூ.வி. குழாய் வழியாகப் போய், அதன்பிறகே தொட்டிக்குள் நுழைகிறது. ஒவ்வொரு சொட்டும் விளக்கைக் கடந்தே வரவேண்டும். அங்கே அது வாசற்காவல். உங்கள் வீட்டிலோ திருடன் ஏற்கெனவே உள்ளே குடியிருக்கிறான்.

இன்று இரவு பதினொரு மணிக்கு மேல் தொட்டியில் மெல்ல டார்ச் அடித்துப் பாருங்கள். டேங் ஒரே பாறை இடுக்கில்தான் படுத்திருக்கும், நாளைக்கும் அங்கேதான் படுக்கும். இந்த ஒட்டுண்ணி மீனைவிட்டு உதிர்வதும் பெரும்பாலும் இருட்டில்தான், கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளியேறுவதும் விடியலுக்கு முன்னால்தான். உதிர்ந்த இடமும் திறக்கும் இடமும் மீன் தூங்கும் அதே இடுக்கு. ஒரு சாண் தூரத்தில் இரை இருக்கும்போது அவை சம்ப் வரைக்கும் ஏன் போகும்? 36 வாட் இல்லை, 100 வாட் போட்டாலும் அந்த ஒரு சாணுக்குள் வெளிச்சம் போகாது.

பம்பைப் பற்றி: வேகத்தைக் கூட்டினால் விளக்கின் பலன் குறையும். 254 நானோமீட்டர் கதிர் உயிரியின் மரபணுவைச் சிதைக்கிறது. அதற்குக் கதிருக்கு முன்னால் நிற்கும் நேரம் வேண்டும். பாசியையும் பாக்டீரியாவையும்விட ஒட்டுண்ணிகளுக்குப் பல மடங்கு அதிகம் வேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வேகத்தை நம்பாமல் வாளி வைத்து அளந்து பாருங்கள். 10 லிட்டர் வாளி 18 வினாடியில் நிறைந்தால் அதுதான் மணிக்கு 2,000 லிட்டர். வால்வைத் திருகி 45 வினாடிக்குக் கொண்டுவந்தால் 800 லிட்டர்.

விளக்கைச் சுற்றி உறையாக இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயையும் கழற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். என் வீட்டு விளக்கு இரண்டு ஆண்டுகள் அழகாக நீல நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் உறையை உருவினேன். டீக்கெட்டிலின் அடியில் படிவதுபோல் வெள்ளைச் சுண்ணப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகுதான் கண்ணாடி தெரிந்தது. நீல வெளிச்சம் வெறும் அடையாளம். கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. விளக்கின் ஆயுள் ஏறத்தாழ 9,000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் எரிந்தால் ஓர் ஆண்டு. கழற்றும் முன் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள், எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது.

இப்போது செய்யவேண்டியது: எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, பெரிய தொட்டியை 76 நாட்கள் மீனே இல்லாமல் ஓடவிடுங்கள். இரை கிடைக்காமல் அந்தப் பரம்பரை அற்றுப்போகும். நத்தையும் நண்டும் உள்ளேயே இருக்கலாம். மீன்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் டப் போதும். முதல் நாள் ஒன்றில் விடுங்கள். 4, 7, 10ஆம் நாட்களில் புதிய உப்புநீர் நிரப்பிய மற்றதற்கு மாற்றுங்கள். 13ஆம் நாள் சுத்தமான மூன்றாவது தொட்டிக்குப் போகட்டும். உதிர்ந்த கூடு திறப்பதற்குள் மீன் இடம் மாறிவிடுகிறது, மருந்தே தேவையில்லை. பழைய டப்பை ஒவ்வொரு முறையும் கழுவி வெயிலில் ஈரமே இல்லாமல் காயவைக்க வேண்டும்.

அலைமகள் (பெசன்ட் நகர்)

அண்ணன் சொன்ன முறை சரியானது. ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். புள்ளிகள் ரவை அளவில் இல்லாமல் பொன்துகள் தூவியதுபோல் மிக நுண்ணியதாக இருந்து, மீன் மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய், வேறோர் ஒட்டுண்ணி தருவது. டப் மாற்றும் முறைக்கு அது கட்டுப்படாது, செம்பு மருந்துதான். செம்போ வேறு மருந்தோ கொடுக்கும் தொட்டியில் யூ.வி. எரியக் கூடாது, சில மருந்துகளைக் கதிரே சிதைத்துவிடும்.

விளக்கை விற்றுவிட வேண்டாம். எனக்கு அது உதவிய இடம் வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் தொட்டியில் பழுப்பு நிறச் சளி இழைகள், நுனியில் காற்றுக் குமிழிகளோடு, மணல் முழுவதும் படர்ந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் எனும் ஒற்றைச் செல் உயிரி) வகை. இது இரவில் மணலைவிட்டு நீரில் மிதக்கும். விளக்கை சம்ப்பில் வைக்காமல் தொட்டியிலிருந்தே நீர் எடுத்துத் தொட்டிக்கே திருப்பினேன். மூன்றே வாரத்தில் மணல் வெளுத்தது. மணலைவிட்டு எழாத வகையாக இருந்திருந்தால் இந்த விளக்கால் பயன் இருந்திருக்காது.

நீலவால்

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது மூலைப் பாறைக்கு அடியில், மணலை வயிறு தொட, பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தது. புள்ளிகள் ரவை அளவுதான், மூச்சு சீராக இருக்கிறது. 60 லிட்டர் டப்கள் இரண்டு வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: மூன்றாவது தொட்டிக்குப் பெரிய தொட்டியின் சம்ப்பிலிருந்து பழகிய (நல்ல பாக்டீரியா குடியேறிய) ஸ்பாஞ்சை எடுத்து வைக்கலாமா?

உவர்நீர் (மரக்காணம்)

கூடாது தம்பி. அந்த ஸ்பாஞ்சில் கூடு ஒட்டியிருக்கலாம். புதிய ஸ்பாஞ்சை இன்றைக்கே மூன்றாவது தொட்டியில் போட்டு, புட்டியில் வரும் நைட்ரிஃபையிங் பாக்டீரியா (மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா) ஊற்றிப் பழக்கத் தொடங்குங்கள். பன்னிரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள், டப்களிலும்தான். மாற்றும்போது வலை வேண்டாம், சின்னக் கிண்ணத்தில் அள்ளி நீரை வடித்துவிட்டு விடுங்கள். டேங்கின் வாலடியில் கத்திபோன்ற முள் உண்டு, கையில் பிடிக்காதீர்கள்.

நீலவால்

இன்று காலை 7 மணிக்கு மூன்றையும் முதல் டப்புக்கு மாற்றிவிட்டோம். மகள்தான் கிண்ணம் பிடித்தாள். கோமாளிகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. டேங் மதியம் நோரி (உலர்ந்த கடற்பாசி) இலையைக் கடித்தது.