ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப் போடலாம்?

கோயம்புத்தூர்ல இருக்கேன். .177 (4.5 மி.மீ. குண்டு) பிரேக் பேரல் (குழாய மடக்கி லோட் பண்றது) ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள், பேப்பர் டார்கெட் மட்டும்தான், 10 மீட்டர்லயும் 25 மீட்டர்லயும். (.22 வேண்டாம்னு விட்டுட்டேன், 4.5 மி.மீ. தாண்டினா லைசென்ஸ் வேணும்.)

மூணு மாசம் முன்னாடி 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு வரை பெருசா காட்டும், முன் லென்ஸ் 40 மி.மீ.) ஒண்ணு மாட்டினேன், 10 மீட்டர்ல 9 மடங்குல வச்சா டார்கெட் வட்டமே கலங்கலா தெரியுது, பேரலாக்ஸ் (எந்த தூரத்துக்கு ஸ்கோப் சரியா காட்டும்ங்கற செட்டிங்) 100 கெஜத்துக்கு ஃபிக்ஸ் பண்ணினதாம், அதுவாச்சும் பரவால்ல, முப்பது குண்டு சுட்டா ஜீரோவே (குறி வச்ச இடத்துல குண்டு விழற மாதிரி செட் பண்ணினது) மாறிடுது, ஸ்கோப்ப பிடிச்சிருக்கிற மவுண்ட் பின்னாடி நகர்ந்த கீறல், அத மாட்டுற துப்பாக்கி மேல் ரெயில்ல (rail) பளிச்சுனு தெரியுது.

ரெயில்ல எண்ணெய்ப் பிசுக்க துடைச்சேன், ஸ்க்ரூ டைட் பண்ணேன், பெல்லட்டும் ரெண்டு வகை மாத்திப் பாத்தாச்சு. ஸ்கோப்ப கழட்டிட்டு ஓப்பன் சைட்ல சுட்டா 10 மீட்டர்ல அஞ்சு குண்டும் ஒரு ரூபா காசுக்குள்ள விழுது, அதனால துப்பாக்கி மேல தப்பு இல்ல.

ஸ்ப்ரிங்கோட முன்னும் பின்னும் உதைய தாங்கி, 10 மீட்டர்லயே தெளிவா தெரியணும்னா ஏர்கன்னுக்குனே வர்ற 4×32 ஃபிக்ஸட் (4 மடங்கு மட்டும், மாத்த முடியாது) வாங்கறதா, இல்ல ஏஓ (முன் லென்ஸ திருப்பி தூரத்துக்கு ஏத்த மாதிரி பேரலாக்ஸ் மாத்தற வசதி) இருக்கிற 3-9×40 வாங்கறதா?