டாரஸ் பின் டயருக்கு நைலானா, ரேடியலா?

சங்ககிரி டாரஸ்:
வணக்கம்ங்க. சொந்த வண்டி, பத்துச் சக்கரம். சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போவேன், திரும்பும்போது கிடைக்கிற லோடு. அப்பா காலத்திலிருந்து 10.00-20 நைலான்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் முன்பக்கம் மட்டும் இரண்டு ரேடியல் போட்டேன். ஸ்டியரிங் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டயர் எந்நேரமும் வயிறு பிதுங்கி நிற்கிறது. கிளீனர் கம்பியால் தட்டிப் பார்த்து "காத்து கம்மிங்ணா" என்று போகிற பக்கமெல்லாம் காத்து அடித்துவிட்டான். இப்போது பார்த்தால் ரோட்டில் படுகிற பட்டனில் நடுப் பட்டன் மட்டும் தேய்ந்திருக்கிறது.

இனி பின்னால் நான்கு டயர் மாற்றியாக வேண்டும். ஜோடிக்கு ஒரு ரேடியல், ஒரு நைலான் போட்டால் செலவும் குறையும், ஒன்றும் ஆகாது என்கிறார் கடைக்காரர். சரியாக வருமா?

நாமக்கல் ரீட்ரெட்:
ஜோடியில் கலக்கவே கலக்காதீங்க. அந்தக் கடைக்காரர் பின்னால் எட்டு டயர் உள்ள வண்டியை ஓட்டிப் பார்க்காதவராக இருக்கும்.

22 வருசமாகப் பழைய டயரை உரித்துக்கொண்டே இருக்கிறவன் சொல்கிறேன். நைலான் டயரைக் குறுக்கே அறுத்தால் நம் வீட்டுக் கயிற்றுக் கட்டில் மாதிரி இருக்கும். ஒரு அடுக்கு நூல் இப்படிச் சாய்ந்து போகும், அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் சாயும், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால் மொத்தக் கயிறும் அசைகிறது இல்லையா, அதே கதைதான். சைடு மடங்கினால் பட்டனும் சேர்ந்து நெளிந்து ரோட்டில் தேயும். அடுக்கும் அடுக்கும் இழுபட்டுச் சூடு ஏறும். சைடில் 16 பிஆர் (பிளை ரேட்டிங்) என்று இருப்பதைப் பார்த்து 16 அடுக்கு என்று நினைக்காதீங்க. அது பருத்தி நூல் போட்ட காலத்துக் கணக்கு. நைலான் வந்த பிறகு அத்தனை அடுக்கு தேவையில்லை, பலத்தைச் சொல்வதற்கு மட்டும் அந்த எண் நின்றுவிட்டது.

ரேடியலுக்கு மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்க. ஆரக்கால் நேராக நிற்கிற மாதிரி, கம்பி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாயாமல் குறுக்கே போகும். லாரி ரேடியலில் உடம்புக்கு ஒரே ஒரு எஃகுக் கம்பி அடுக்குதான். அதன்மேல், பட்டனுக்கு அடியில், சக்கரத்துக்குப் பட்டா போட்ட மாதிரி எஃகு பெல்ட் சுற்றியிருக்கும். அதனால் சைடு தன் போக்கில் மடங்கும், பட்டன் அசையாமல் ரோட்டில் படுத்திருக்கும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு, டீசலும் கொஞ்சம் மிச்சம். 1946-ல் மிச்செலின் கம்பெனி காப்புரிமை வாங்கிய சங்கதி, புதுசு ஒன்றும் இல்லை. நம் லாரிக்கு வர இத்தனை காலம் ஆனதற்கு ஓவர்லோடும் ரோடும்தான் காரணம் என்பேன்.

ஆக அந்த வயிறு பிதுங்குவது நோய் இல்லை, அதன் சுபாவம். இப்போது ஜோடிக்கு வாங்க. பக்கத்தில் பக்கத்தில் இரண்டையும் மாட்டினால் ரேடியல் அமுங்கிக் கொடுக்கும், நைலான் விறைத்து நிற்கும். விறைத்து நிற்கிறதுதான் லோடை வாங்கும், முதலில் சூடாகி வெடிப்பதும் அதுதான். ஒரு ஆக்ஸிலில் இருக்கிற நான்கும் ஒரே ஜாதியாக இருக்கட்டும். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்பது காரில் கூடவே கூடாது, பின்பக்கம் வழுக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் அவ்வளவு தகராறு இல்லை.

பரமத்தி டிப்பர்:
அண்ணன் சொல்வதெல்லாம் தார் ரோட்டுக்கு. நான் குவாரியிலிருந்து கிரஷருக்கு ஓட்டுகிறேன், நாள் முழுக்க 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மாட்டேன். ஆசைப்பட்டு நான்கு ரேடியல் மாட்டினேன். பட்டன் புதுசு மாதிரியே இருந்தது, ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு டயரில் சைடைக் கல் கிழித்துவிட்டது. ஒன்றை ரீட்ரெட்டுக்கு, அதாவது புதுப் பட்டன் ஒட்ட, எடுத்துப் போனால், வெட்டு வழியாகத் தண்ணி இறங்கிக் கம்பி துரு பிடித்துவிட்டது, கேசிங் (டயரின் உடம்பு) ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நைலானுக்குத் துருவாவது பிடிக்குமா? கல்லு மேட்டுக்கு நைலான்தான் என்று மறுபடியும் அதற்கே வந்துவிட்டேன்.

நாமக்கல் ரீட்ரெட்:
தம்பி சொல்வது சரிதான், குவாரிக்கு நானும் நைலானே சொல்வேன். சங்ககிரிக்காரருக்கு பெங்களூர் ரோடு முழுக்கத் தார். தொப்பூர் ஏறும்போதும் இறங்கும்போதும் சூடுதான் பிரச்சினை, அங்கே ரேடியல் ஜெயிக்கும்.

கம்பியால் தட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "டங்"கென்றால் காத்து இருக்கு, "தொப்"பென்றால் இல்லை என்பது இரண்டுக்குமே உதவாது, ரேடியலுக்குத் துளியும் உதவாது. அதிகம் அடித்தால் நடுப் பட்டன் போகும், உங்களுக்கு ஆன மாதிரி. குறைவாக வைத்து ஓட்டுவது அதைவிட மோசம். இருக்க வேண்டிய காற்றில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கி ஓடிய டயரைக் காத்தே இல்லாமல் ஓடிய டயராகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சைடில் உள்ள கம்பி மடங்கி மடங்கி உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

போன ஐப்பசியில் அப்படி ஒன்று வந்தது. ஸ்லோ பஞ்சர், ஒட்டி அனுப்புங்க என்றார்கள். பையன் பாதுகாப்புக் கூண்டில் வைத்துக் காத்து ஏற்ற, 70 பிஎஸ்ஐ தாண்டும்போது சைடிலிருந்து கடுகு பொரிகிற மாதிரி பட், பட் என்று சத்தம். கம்பி ஒவ்வொன்றாக அறுகிற சத்தம் அது. கிட்டப் போகாதே என்று கத்திக்கொண்டே தூரத்திலிருந்து வால்வை மூடி, காத்தைக் குழாய் வழியாகவே இறக்கினோம். விட்டிருந்தால் சைடு ஜிப்பைப் பிரித்த மாதிரி ஒரு சாண் கிழிந்திருக்கும். அந்தக் கேசிங்கை அறுத்துக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். டிரைவர்கள் கம்பி நுனியைத் தொட்டுப் பார்த்து விரலைக் குத்திக்கொள்கிறார்கள்.

கோபி டிராக்டர்:
நடுவில் ஒரு சோலி. பழைய பின் டயர் வாங்கப் போகிறேன், விற்கிறவர் ரேடியல் என்கிறார். சைடில் 13.6-28 என்று இருக்கிறது. நம்பலாமுங்களா?

நாமக்கல் ரீட்ரெட்:
இல்லீங்க. நடுவில் கோடு இருந்தால் அது சாய்வு நூல் டயர். 13.6 ஆர் 28 என்று இருந்தால்தான் ரேடியல். ரேடியல் விலையைக் கொடுத்துவிடாதீங்க.

சங்ககிரி டாரஸ்:
எட்டும் மாற்றக் காசு இல்லை. ஒரு ஆக்ஸிலுக்கு நான்கு ரேடியல், நல்ல நைலான் நான்கையும் மற்ற ஆக்ஸிலுக்கு மாற்றிவிட்டேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் காத்து எறங்கிப்போச்சேடா" என்றார்.

நேற்று கேஜும் வாங்கினேன். காலையில், டயர் சூடாவதற்கு முன்னால், முன்பக்கம் வைத்துப் பார்த்தோம். சைடில் 120 என்று போட்டிருக்கிறது. வலது 138, இடது 131. கிளீனர் கம்பியை எடுத்து டூல் பாக்ஸில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.