குடும்பக் குழு: ஆதாமும் இரண்டாவது குரோமோசோமும்

தம்பி: நாளை உயிரியல் தேர்வு. பரிணாமப் பாடத்தில் உயிர்கள் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டு, ஞாயிறு வேத வகுப்பில் தேவன் படைத்தது ஆறு நாளில். எதை நம்புவது?

சித்தி: பாடத்தில் உள்ளதை எழுது, மனதில் வேதத்தை வை. முடிந்தது.

அக்கா: இப்படி இரண்டு கணக்கு வைக்கச் சொன்னால் வளர்ந்ததும் ஒன்றை மூடிவிடுவான் சித்தி.

பெரியப்பா: ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான். வசனத்தில் கைவைக்காதீர்கள்.

அக்கா: பெரியப்பா, சூரியன் வருவதே நான்காம் நாளில். அதற்கு முந்தைய நாட்கள் எப்படிப்பட்டவை என்று ஆதித் திருச்சபையின் அறிஞர் அகஸ்டின் 1,600 ஆண்டுக்கு முன்பே யோசித்துவிட்டார். டார்வின் பிறந்தது 1809இல்!

பெரியப்பா: அகஸ்டின் பரிணாமத்தை ஏற்றாரா?

அக்கா: இல்லை, அப்படி இழுக்கவும் கூடாது. 24 மணி நேரம் என்று வாசித்தே ஆக வேண்டியதில்லை என்பதற்கு மட்டும் அவர் சாட்சி.

சித்தி: அப்படியென்றால் எல்லாம் தானாக வந்ததா?

அண்ணன்: யோபு 10:11 பாருங்கள் சித்தி. ‘தோலையும் சதையையும் எனக்குத் தரித்து’ என்று தேவனிடம் சொல்கிறார். அவரும் தாய் வயிற்றில் வளர்ந்தவர்தானே? கருவில் செல் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்த பிறகும் பிள்ளையைக் கர்த்தர் தந்தார் என்றுதானே சொல்கிறோம்.

சித்தி: அது சரி.

பெரியப்பா: மரபணு மாற்றம் தற்செயலாம். தற்செயலில் தேவனுக்கு என்ன வேலை?

அண்ணன்: நீதிமொழிகள் 16:33. ‘சீட்டு மடியிலே போடப்படும்; காரியசித்தியோ கர்த்தரால் வரும்.’

பெரியப்பா: ம்ம். குரங்கிலிருந்து வந்ததற்கு அத்தாட்சி?

அக்கா: இன்றைய குரங்கிலிருந்து இல்லை, பொது மூதாதையிடமிருந்து. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் சிம்பன்சிக்கு 24 ஜோடி, நமக்கு 23. குரோமோசோமின் முனையில் இருக்க வேண்டிய வரிசை, நம் இரண்டாவது குரோமோசோமில் நடுவிலும் கிடக்கிறது, அதுவும் எதிரெதிராக ஒட்டியபடி. ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய இடுப்புப் பகுதி சென்ட்ரோமியர்; செயலிழந்த இன்னொன்றின் மிச்சமும் இதில் உண்டு. மூதாதையின் இரண்டு குரோமோசோம் சேர்ந்து ஒன்றான தழும்பு அது. மனித மரபணுத் தொகுப்பை வாசித்த ஜீனோம் திட்டத்துக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் காலின்ஸ் பொது மூதாதையை ஏற்கிறார், விசுவாசியாகவும் இருக்கிறார்.

பெரியப்பா: அப்புறம் ஆதாம்? ரோமர் 5:12, ‘ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும்’. அவனுக்கு முன்பே கோடி ஆண்டாய் மிருகங்கள் செத்தன என்றால் அந்த வசனத்தை என்ன செய்வாய்?

அக்கா: இதுதான் கேள்வி! ஆறு நாள் சண்டை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ரோமரை எழுதிய பவுல் அங்கே பேசுவது மனுஷரின் மரணம், மிருகங்களுடையது அல்ல என்கிறார்கள் சிலர். அன்றிருந்த கூட்டத்திலிருந்து தேவன் தெரிந்துகொண்ட தம்பதி என்பது இன்னொரு விளக்கம். ஆதாம் மனுக்குலத்துக்கே உருவகம் என்றும் சொல்வதுண்டு. அது எனக்கு இடிக்கிறது. ஓர் ஆளைக் காட்டித்தானே பவுல் கிறிஸ்துவோடு ஒப்பிடுகிறார்?

அண்ணன்: கத்தோலிக்கர்களுக்கும் அங்கேதான் சிக்கல். 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், உடல் பரிணமித்ததா என்று ஆராயலாம் என்றார். ஆன்மாவைத் தேவன் நேரடியாகப் படைக்கிறார் என்றும் சொன்னார். ஆனால் பல ஆதிப் பெற்றோர் என்ற கருத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

பெரியப்பா: போப் எதற்கு, எனக்குப் பவுல் போதும். அந்தக் குரோமோசோம் படம் இருந்தால் அனுப்பு. ரோமரை நேரில் பேசுவோம், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.